எலும்பும் தோலுமாய் ஒரு நாய்

மாதவன் என்ற பெயரைப் பிறேமினி சாப்பாட்டு மேசையில் சொல்லி ஒரு கிழமை ஆகியிருந்தது.

அன்று பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்தவர்தான் யாக்கோப்பு. "இந்தியாக்காரன், அதுவும் எங்கட வேதமில்லை, சைவக்காரன்" என்ற ஒரே வசனத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார். மகளும் முடித்துக்கொண்டாள். புலம்பெயர்ந்து வந்த கோலியர்ஸ் வுட்டில் அந்த ஒடுக்கமான வீட்டுக்குள் மூன்று பேர் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். மகளோடு கதைத்தால் புருசனுக்குத் துரோகம், புருசனோடு கதைத்தால் மகளுக்குத் துரோகம் என்று மரியமலர் யாரோடும் கதைக்காமல் படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேரிடமும் பேதம் பாராமல் போய்வந்தது றோசி மட்டும்தான்.

றோசி பிறேமினியின் நாய். பந்தயத்தில் ஓடி, வயது போனதும் கழிக்கப்பட்ட கிரேஹவுண்ட். சாம்பல் நிறம், கூரிய மூக்கு, குச்சிக் கால்கள், முதுகோடு ஒட்டிய வயிறு. பிறேமினி அதை முதன்முதலாகக் கூட்டிவந்த அன்று மரியமலர் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ர சின்னமாமியின்ர பேர் றோசலின். நாய்க்கு வேற பேர் கிடைக்கேல்லையே?"

"அது முதலே வைச்ச பேர் அம்மா. மாத்தினால் அவள் குழம்பிப் போவாள்."

நாய் குழம்பிப் போகுமாம்! யாக்கோப்பு சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். மன்னாரில் அவர் வீட்டிலும் நாய்கள் இருந்தன. அவை முற்றத்தில் கிடந்தன, மிஞ்சியதைத் தின்றன, கள்ளனைக் கண்டால் குரைத்தன. உள்ளே கால் வைத்தால் விளக்குமாறு பறக்கும். இங்கே இந்த நாய் வந்த மூன்றாம் நாளே சோபாவைப் பிடித்துக்கொண்டது. குளிருக்கு அதற்கு ஒரு கோட்டு. பிறந்தநாளுக்கு ஒரு கேக். தவறுதலாக வாலை மிதித்துவிட்டால் பிறேமினி குனிந்து அதனிடம் மன்னிப்புக் கேட்பாள்.

"எங்களிட்ட ஒருநாளும் கேட்டதில்லை" என்பார் யாக்கோப்பு.

பிறேமினி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனபிறகு நாயை நடத்திக்கொண்டு போவது மரியமலரின் பொறுப்பானது. முதலில் ஏனோதானோ என்றுதான் போனாள். பிறகுதான் ஓர் அதிசயத்தைக் கவனித்தாள். அந்தத் தெருவில் அவள் குடியிருந்த காலம் முழுவதும் தலையாட்டிவிட்டுப் போன வெள்ளைக்காரப் பெண்கள், வாண்டில் பூங்காவில் நின்று நின்று பேசினார்கள். குனிந்து றோசியின் காதைத் தடவினார்கள். அவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நாயின் பெயரைத்தான் கேட்டார்கள். ஆனாலும் அவர்களில் ஒருத்தி மழையில் தன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தபோது, றோசியின் புண்ணியத்தில்தான் இது என்று மரியமலர் நினைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அந்த நாய் அவள் மனதுக்குள் வந்தது. வந்தபிறகு அதன் விலா எலும்புகள் அவள் கண்ணை உறுத்தத் தொடங்கின.

பிறேமினி காலையும் மாலையும் ஒரு கோப்பையால் அளந்து காய்ந்த உருண்டைகளைத் தட்டில் கொட்டுவாள். அவ்வளவுதான் அதன் சாப்பாடு. ஒருநாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, கோயிலுக்கு வருகிற ஊர்க்காரி துசியந்தி கேட்டே விட்டாள்.

"மலரக்கா, கோபிக்காதையுங்கோ. பிள்ளை அந்த நாயைப் பட்டினி போடுறாளே? எலும்பும் தோலுமாய் உங்களுக்குப் பின்னால இழுபட்டு வருது."

மரியமலருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வீட்டில் ஓர் உயிர் பட்டினியா?

அந்தக் கிழமையே தொடங்கிவிட்டாள். முதலில் ரொட்டித்துண்டு. பிறகு மீன்தலை. பிறகு இறைச்சிக் குழம்பில் ஊறிய எலும்பு. பிறேமினி வீட்டில் இல்லாத நேரத்தில், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு. நாயும் வாயைத் துடைத்துவிட்டதுபோல ஒன்றும் அறியாத முகத்தோடு போய்ச் சோபாவில் ஏறிக்கொள்ளும். யாக்கோப்பு கண்டும் காணாமல் இருந்தார். நாய்க்கு எலும்பு கொடுப்பதெல்லாம் ஒரு களவா என்பது அவர் எண்ணம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆட்டிறைச்சிக் கறி.

இன்று காலை பிறேமினி அலறிய அலறலில் மரியமலர் குசினியிலிருந்து ஓடிவந்தாள். முன்னறை முழுக்க நாய் எடுத்த சத்தி. சோபாவுக்குப் பக்கத்தில் றோசி முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு நின்றது. படுக்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், உடம்பெல்லாம் நடுங்கியது.

யாக்கோப்பு விடியவே பஸ் ஓட்டப் போயிருந்தார். கார் அவரோடு. பிறேமினி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டாள். தாயும் மகளும் போர்வையில் கிடத்தி நாயைத் தூக்கினார்கள். அந்த நாயின் பாரத்தை மரியமலர் அன்றுதான் முதன்முதலாகக் கைகளில் அறிந்தாள். பார்வைக்குத்தான் மெலிவு. கல்லுப்போல் கனத்தது.

மிருக வைத்தியர் இளம் பெண். றோசியின் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்.

"வழக்கத்துக்கு மாறாக ஏதாவது சாப்பிட்டாளா? குப்பைத்தொட்டி, எலும்பு, அப்படி ஏதாவது?"

அந்தக் கேள்வி மரியமலருக்கு நன்றாகவே விளங்கியது.

"இல்லை" என்றாள் பிறேமினி. "அவளுக்குரிய சாப்பாடு மட்டும்தான். பகலில் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். அம்மா இல்லாவிட்டால் நான் இவளை வைத்திருக்கவே முடியாது."

சொல்லிவிட்டுத் திரும்பித் தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு மகள் அவளைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது. மரியமலரின் தொண்டைவரை வந்த சொல் அங்கேயே நின்றது. இப்போது சொன்னால் இந்தச் சிரிப்புப் போய்விடும். கொஞ்சம் பொறுப்போம். ஒருவேளை இது வேறு ஏதாவதாக இருக்கும். கடவுளே, வேறு ஏதாவதாக இருக்கட்டும்.

வயிற்றுக் கோளாறாக இருக்கலாம் என்று வைத்தியர் ஊசி போட்டார். மோசமானால் உடனே கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மரியமலர் மேலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புருசனுக்கு போன் அடித்தாள். அவர் தேநீர் இடைவேளையில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, நேற்று நான் அதுக்கு எலும்பு குடுத்தனான். டொக்டர் கேட்டவ. நான் சொல்லேல்லை."

"எலும்பு தின்னாத நாய் உலகத்தில எங்கயிருக்கு? இந்த நாட்டு நாய்க்கு மட்டும் வயிறு கண்ணாடியில செய்ததே?"

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"சும்மா கிண்டிக் கிளறாதை மலர். இப்பதான் பிள்ளை உன்னோட கதைக்கத் தொடங்கியிருக்கு. அதையும் கெடுக்காதை."

அது உண்மைதான். கீழே வந்தபோது பிறேமினி நிலத்தில் நாயின் பக்கத்தில் கால் நீட்டி இருந்தாள். "இதில இருங்கோ அம்மா" என்று இடம் விட்டாள். மரியமலர் சிரமப்பட்டு நிலத்தில் இருந்தாள். நாயின் தலை அவள் மடிப்பக்கம் சாய்ந்தது.

"மாதவன் வாறான் அம்மா. ஆர்ச்வேயிலயிருந்து வர நேரம் செல்லும். திரும்பவும் போகவேணும் எண்டால் கார் தேவை. நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டீங்கள்தானே?"

"நான் என்னத்தைச் சொல்ல."

"அவனுக்கு நாயெண்டால் பயம் அம்மா. சின்னனில கடிபட்டவன். முதல் நாள் றோசியைக் கண்டு கதிரைக்கு மேல ஏறி நிண்டவன்." பிறேமினி சிரித்தாள். "பிறகு தானாத்தான் இறங்கி வந்தவன். எனக்காக."

மரியமலருக்கும் சிரிப்பு வந்தது. இப்படி மகள் அவளோடு கதைத்து எத்தனை காலம்! எப்படிச் சந்தித்தார்கள், அவன் தாய் எப்படிப்பட்டவள், அவன் ஏன் இறைச்சி சாப்பிடுவதில்லை, எல்லாம் சொன்னாள். மழை கண்ணாடியில் வழிந்தது. மகளின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. சொல், சொல் என்று உள்ளே ஒன்று இடித்தது. இன்னும் கொஞ்சநேரம் என்று மரியமலர் அதை அமுக்கினாள்.

பின்னேரம் ஆகுமுன்பே றோசி முனகத் தொடங்கியது. பிறேமினி அதன் உதட்டை விரித்துப் பார்த்தாள். பல் முரசு வெளிறிக் கிடந்தது. கால்கள் குளிர்ந்திருந்தன. வயிறு பலகைபோல் இறுகியிருந்தது.

அந்த நேரம்தான் மாதவன் வந்து சேர்ந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்ற ஒற்றைக் காலில் நின்றவனை, "கழட்ட வேண்டாம் தம்பி, வாங்கோ, பிடியுங்கோ!" என்று மரியமலர் உள்ளே இழுத்தாள். புருசன் ஒரே வசனத்தில் தள்ளிவைத்தவனை, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல். இருவரும் போர்வையின் இரண்டு தலைப்பைப் பிடித்து நாயைத் தூக்கினார்கள். நாய்க்குப் பயந்தவன் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்ததை அவள் கண்டாள்.

கார் பிரதான வீதிக்கு ஏறியதும் மரியமலர் வாய் திறந்தாள்.

"பிள்ளை. நான் அதுக்கு எலும்பு குடுத்தனான்."

பின்சீட்டில் நாயின் தலையை மடியில் வைத்திருந்த பிறேமினிக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன எலும்பு?"

"ஆட்டெலும்பு. நேற்று. அதுக்கு முதலும் குடுத்தனான்."

மாதவன் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

"காலமை அவ கேட்டவ அம்மா. நீங்கள் எனக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்."

"ஓம்."

"விளங்கேல்லையா உங்களுக்கு?"

விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலம் தெரியாத தாய் என்று மகளும் நம்பியிருப்பாள். மரியமலர் தலையைக் குனிந்தாள்.

"விளங்கினது பிள்ளை. அது மெலிஞ்சு போய்க் கிடந்தது. சனமும் கதைச்சது. நான் ஆசையிலதான்…"

"அவள் மெலிஞ்சவள் இல்லை அம்மா. அந்த இனமே அப்பிடித்தான். எத்தினை தரம் சொன்னனான்?" பிறேமினி கத்தவில்லை. கத்தியிருந்தால் மரியமலருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சமைச்ச எலும்பு ஊசி மாதிரி உடையும். அதையும் சொன்னனான்."

சொல்லியிருந்தாள்தான். இந்த நாட்டில் எதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்கள் என்று மரியமலர் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள்.

மிருக ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புத் துண்டு ஒன்று குடலைக் கிழித்திருந்தது. நஞ்சு வயிறெல்லாம் பரவிவிட்டது. வெட்டிப் பார்க்கலாம், ஆனால் இந்த வயதில் மேசையிலேயே போய்விடக்கூடும், பிழைத்தாலும் பெரும் வேதனை என்றார் வைத்தியர். பிறேமினி ஒன்று மட்டும் கேட்டாள்.

"காலையில் தெரிந்திருந்தால்?"

வைத்தியர் மரியமலரைப் பார்க்கவில்லை. "வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கும். பிழைத்திருப்பாளா என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், அவளை நித்திரையாக்குவதுதான் அன்பான செயல் என்றார்.

நித்திரை என்ற சொல்லைக் கேட்டதும் மரியமலருக்கு மூச்சு வந்தது.

"ஓம் பிள்ளை, அது நல்லது. காலமையிலயிருந்து கண்ணை மூடேல்லை பாவம். கொஞ்சம் நித்திரை கொண்டால் நோ தெரியாது."

பிறேமினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாதவன்தான் மரியமலரின் பக்கத்தில் குனிந்தான்.

"ஆன்ட்டி… அவங்க சொல்ற தூக்கம் அது இல்ல. ஊசி போட்டா றோசி திரும்ப எழுந்திரிக்காது."

மரியமலர் அவனை விழித்துப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் பிள்ளை. உயிரைத் தந்தவர் எடுக்கட்டும். வீட்டை கொண்டுபோவம். இரவு பகலா நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்."

"இந்த நோவோடயா அம்மா?"

"எல்லா உயிரும் நோவோடதானே போகுது?"

"அவள் ஏன் அப்பிடிப் போகவேணும்?" பிறேமினி கையை உருவிக்கொண்டாள். "ஆர் செய்ததுக்காக?"

தாய் சொன்னது மகளுக்குக் கொடுமையாகப் பட்டது. மகள் செய்யப்போவது தாய்க்குக் கொடுமையாகப் பட்டது. இரண்டு பேருமே அந்த நாயின்மேல் உயிரையே வைத்திருந்தார்கள் என்பதை அந்த அறையில் வேறு யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

"உள்ள வாறீங்களா அம்மா?" கதவைத் திறக்கும்போது பிறேமினி கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. முறைக்காகவும் கேட்கவில்லை.

மரியமலர் இல்லை என்று தலையை ஆட்டினாள். கொல்லுகிற இடத்தில் அவளால் நிற்க ஏலாது. நின்றால் தானும் சேர்ந்து கொன்றதாகிவிடும். வெளியே கதிரையில் இருந்துகொண்டு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினாள். நாய்க்காகச் செபிக்கலாமா என்று தெரியவில்லை. பாதியில் செபம் தடம் மாறி, "வயிறு நிரம்பட்டும் எண்டுதானே தந்தனான்" என்று வெறும் புலம்பலாகிப் போனது.

போனில் சேதி கேட்டு யாக்கோப்பு பஸ் உடுப்போடேயே வந்து சேர்ந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்தார். "நான்தான் சொல்லாதையெண்டு சொன்னது" என்றார்.

"நானும்தான் சொல்லேல்லை" என்றாள் மரியமலர்.

கதவு திறந்தது. பிறேமினியின் கையில் றோசியின் கழுத்துப்பட்டி இருந்தது. பின்னால் மாதவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"முடிஞ்சுது" என்றாள். பிறகு தாயைப் பார்த்து, ஒரு செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்: "கதவடியைப் பாத்துக்கொண்டே கிடந்தவள் அம்மா. கடைசி மட்டும். நீங்கள் வருவீங்கள் எண்டு நினைச்சிருப்பாள்."

மரியமலர் எழும்பப் பார்த்தாள். பாதி எழும்பி, கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்தாள். அந்தக் கதவுக்கும் கதிரைக்கும் நடுவில் அவ்வளவு தூரமும் இல்லை. ஓர் எட்டு வைத்திருந்தால் போயிருக்கலாம். அதை நினைத்தபோதுதான் அவள் அழத் தொடங்கினாள்.

யாக்கோப்பு தொண்டையைச் செருமினார். மாதவன் நின்ற பக்கம் பார்க்காமலே மகளிடம் கேட்டார்.

"பிள்ளை, வீட்டை கொண்டுபோவமே? பின் வளவுக்குள்ள நான் குழி வெட்டுறன். ஆழமா வெட்டுறன்."

நாயை வீட்டுக்குள் விட்டதே பிழை என்று இவ்வளவு காலமும் சொன்ன மனிதர். பிறேமினி அவரை உற்றுப் பார்த்தாள். முகம் ஒரு கணம் இளகியது. பிறகு இறுகிக்கொண்டது.

"வேண்டாம் அப்பா. எரிச்சுச் சாம்பலைத் தருவினம். நான் எங்க இருக்கப்போறன் எண்டு தெரிஞ்சாப் பிறகு, அங்க கொண்டுபோய் வைக்கிறன்."

எங்கே இருக்கப்போகிறாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெளியே மாதவன் கார்க் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள்.

அன்று பொழுதுபட்டபிறகு வாசல் மணி அடித்தது. மாதவன் தனியே நின்றான். மழையில் தலை நனைந்திருந்தது.

"ஆன்ட்டி, பிறேமினியோட துணி கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொன்னா. நான் இங்கயே நிக்கிறேன்."

முன்னறையில் இருந்த யாக்கோப்பு பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்கோ தம்பி" என்றாள் மரியமலர்.

மேலே போய் மகளின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள். எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. கூட வைத்தால் போகச் சொல்வதுபோல் இருக்கும். குறைத்து வைத்தால் மகள் குளிரில் நடுங்குவாள். கடைசியில் தடித்த கம்பளிச் சட்டையையும் வைத்தாள். கீழே வந்து குசினிக்குள் போனவள், சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு வந்தாள்.

"சாப்பிட்டவளே?"

"இல்ல ஆன்ட்டி. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

அவன் பெட்டிக்குக் கை நீட்டினான். மரியமலர் நீட்டிய பெட்டியை விடவில்லை. இரண்டு பேர் கையிலும் அது இருந்தது. மூடிக்கு மேலாகச் சூடு கசிந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள். "நான் குடுக்கிறதை அவள் இனிச் சாப்பிடுவாளோ?"

மாதவன் மற்றக் கையையும் பெட்டிக்குக் கீழே கொடுத்துத் தாங்கினான். முன்னறையில் பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.